கலாபகோஸ் தீவுகளுக்குக் கப்பலில் போகத் தயாராவது: சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கடந்த செப்டம்பரில் மகனோடும் நாத்தனாரோடும் கலாபகோஸ் தீவுகளுக்குப் போய், எட்டு நாள் கப்பலில் இருந்து விலங்குகளைப் பார்த்து வந்தேன். திரும்பிய நாளிலிருந்து கோயில், கல்யாண வீடு, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, புலனக் (வாட்ஸ்அப்) குழு என்று எங்கே போனாலும் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. கேட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், அது எங்கே இருக்கிறது? ஆமை பார்க்க நம் ரெடாங் தீவு போதாதா?

தென் அமெரிக்காவில் ஈக்குவடோர் என்ற நாடு இருக்கிறது. அதன் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில், பூமத்திய ரேகை மேலேயே இந்த எரிமலைத் தீவுகள் கிடக்கின்றன. எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்ததில்லை. பறந்தோ நீந்தியோ மிதந்தோ வந்து சேர்ந்த உயிர்கள் மட்டும்தான் அங்கே பிழைத்துப் பெருகின. கடலுக்குள் இறங்கிப் பாசி மேயும் உடும்பு, பறக்க மறந்த நீர்க்காகம், பூமத்திய ரேகையில் வாழும் பென்குவின் எல்லாம் உருவானது அப்படித்தான். 1835-இல் சார்லஸ் டார்வின் ஐந்து வாரம் அங்கே சுற்றினார்.

ரெடாங் ஆமையையும் போய்ப் பாருங்கள், அது நம் சொத்து. ஆனால் மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத விலங்குகளைப் பார்ப்பது வேறு அனுபவம். முதல் நாள் படகுத்துறையில் ஒரு கடற்சிங்கம் படிக்கட்டை அடைத்துப் படுத்திருந்தது. பதினாறு பேரும் அது புரண்டு வழிவிடும் வரை காத்திருந்தோம்.

எப்படிப் போவது?

கோலாலம்பூரிலிருந்து நேர் விமானம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் அல்லது மாட்ரிட் வழியாக ஈக்குவடோரின் கீட்டோவுக்கோ குவாயாகிலுக்கோ போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பால்ட்ரா அல்லது சான் கிறிஸ்டோபல் தீவில் இறங்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு நாள் போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள். மலிவு என்று அமெரிக்கா வழியாக டிக்கெட் போட்டுத் தருவார்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட விசா எடுக்க வேண்டும். எங்களுக்கு முதலில் டிக்கெட் பார்த்த முகவர் இதைச் சொல்லவே இல்லை. என் மகன் தற்செயலாகப் படித்துப் பார்த்ததால் தப்பித்தோம்.

கப்பல் கிளம்பும் நாளன்றே போய்ச் சேருகிற மாதிரி திட்டம் போடாதீர்கள். பெருநிலத்தில் ஓர் இரவாவது தங்குங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. கீட்டோவில் தங்குவதென்றால் அது 2,850 மீட்டர் உயரம், நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைப் போல் இரண்டு மடங்கு. என் நாத்தனாருக்கு முதல் இரவு தலைவலியும் மூச்சிரைப்பும். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் கடல்மட்டத்தில் இருக்கும் குவாயாகில் வழியாகப் போவது நல்லது.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் மே வரை வெயிலும் இடையிடையே மழையும். கடல் அமைதி, தண்ணீர் இளஞ்சூடு. ஜூன் முதல் நவம்பர் வரை தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவரும். வானம் மூடி, ‘கருவா’ என்று அவர்கள் சொல்லும் பனித்தூறல் விழும். அலை கூடும். ஆனால் அந்தக் குளிர்நீரில்தான் மீனுக்கு இரை அதிகம், அதனால் பறவைகளும் கடற்சிங்கங்களும் சுறுசுறுப்பாக இருக்கும். எஸ்பான்யோலா தீவின் அல்பட்ராஸ் பறவைகளைப் பார்க்க ஏப்ரலிலிருந்து டிசம்பருக்குள் போக வேண்டும்.

கடல் மயக்கம் வரும் என்று தெரிந்தவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போங்கள். பெரும்பாலும் தைப்பூசமும் முடிந்திருக்கும்.

கப்பல் என்றால் பினாங்கில் வந்து நிற்குமே, அந்த மாதிரியா?

இல்லவே இல்லை. அங்கே ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பல கப்பல்களில் 16 பேர்தான். 16 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது சட்டம். அவர் தேசியப் பூங்காவின் உரிமம் பெற்றவர், அவர் இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. ஒரு கப்பல் ஓரிடத்துக்குப் போனால் 14 நாளுக்குள் மறுபடி அங்கே போகவும் கூடாது. அதனால் எந்தக் கப்பல் என்று பார்க்கும் முன்னே, எந்தெந்தத் தீவுக்குப் போகிறது என்று பாருங்கள். பறக்காத நீர்க்காகம் வேண்டுமானால் மேற்கே இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும் வழித்தடத்தில் இருக்க வேண்டும். அறையின் அழகுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அறையில் தூங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யப்போவதில்லை.

தடுப்பூசி போட வேண்டுமா?

இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். கலாபகோஸ் தீவுகளில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் ஈக்குவடோரின் அமேசான் பகுதியில் அந்த நோய் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் மலேசியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும், சொந்தக் குடிமக்களிடமும்தான். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். எல்லாக் கிளினிக்கிலும் இந்த ஊசி கிடையாது, அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். 60 வயது தாண்டியவர்களுக்கும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த ஊசியில் ஆபத்து கூடுதல். முதலில் உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். புறப்பட இரண்டு மாதம் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பையில் எதை வைக்கவே கூடாது?

பழம், விதை, செடி, மண். இந்த நான்கும் எந்த உருவத்திலும் கூடாது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. நம் வீட்டுப் பையைத் திறந்து பாருங்கள், தெரியும். நாத்தனார் புறப்படும் முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கூடவே வேப்பிலை, கொஞ்சம் பூ. எனக்கே தெரியாது. தீவுக்குப் போகும் விமானத்தில் ஏறுமுன் எல்லாப் பைகளையும் ஊடுகதிரில் பார்த்து முத்திரை இடுகிறார்கள். அங்கே எலுமிச்சை பிடிபட்டது. அதிகாரி மரியாதையாகத்தான் எடுத்தார். ஆனால் அம்மன் கொடுத்த பழத்தைக் குப்பையில் போடுவதைப் பார்த்த நாத்தனாரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன்: எலுமிச்சையை வீட்டுச் சாமி மேடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். திருநீறு, குங்குமம் சிறிய டப்பாவில் போதும்.

ருத்திராட்சமும் ஒரு விதைதான். கழுத்தில் போட்டிருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். வெந்தயம், பச்சைப்பயறு போல முளைக்கக் கூடிய எதுவும் வேண்டாம். கடையில் கட்டிய மசாலா பாக்கெட்டையும் எழுதிக் காட்டுவதே முறை.

அடுத்தது சப்பாத்து. நம்மில் பலர் காலையில் செம்பனைக் காட்டுப் பாதையில் நடக்கிறோம். அதே சப்பாத்தோடு தீவுக்குப் போகாதீர்கள். போவதென்றால் அடிப்பள்ளங்களைப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுங்கள். காலுறையிலும் கால்சட்டை ஓரத்திலும் கெமுஞ்சுப் புல்லின் விதை குத்தியிருக்கும், ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். நான் ஒரு மாலை முழுக்க வீட்டு முன்புற அஞ்சடியில் உட்கார்ந்து பிடுங்கினேன். ஒரு காலுறையில் மட்டும் பதினேழு.

ஒரு விதைக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு?

நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். இங்கிருந்து கோல கங்சார் பக்கம்தானே? 1877-இல் அங்கே ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பிரேசிலில் எடுத்த விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்தது. அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இன்னும் நிற்கிறது. அந்தக் கன்றுகளில் தொடங்கிய வேலைக்குத்தான் நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தார்கள். ஒரு சில கன்றுகள் ஒரு நாட்டின் காட்டையே மாற்றியதற்கு நம் குடும்பங்களே சாட்சி.

கலாபகோசிலும் மனிதர்கள் அப்படிக் கொண்டுபோனார்கள். சாந்தா குரூஸ் தீவின் மேட்டுப் பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது நாத்தனார் “நம்ம கொய்யா!” என்று ஆசையாக ஓடினார். வழிகாட்டியின் முகம் வாடிவிட்டது. குடியேறியவர்கள் கொண்டுவந்த கொய்யா, காட்டுக்குள் பரவி உள்நாட்டுச் செடிகளை அமுக்குகிறதாம். பறவையும் ஆமையும் பழத்தைத் தின்று விதையை இன்னும் தூரம் கொண்டுபோகின்றன. இன்னொரு தொல்லை, நம் ஆசியப் பக்கத்திலிருந்து போன முள்பழச்செடி. அங்கே ‘மோரா’ என்கிறார்கள். மூன்றாவது சின்கோனா மரம். கொயினா மருந்து எடுக்கலாம் என்று 1940-களில் நட்டது. மலேரியாக் காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரியில் கொயினா குடித்த கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் உயிரைக் காத்த அதே மரம் அந்த மேட்டில் வேறு எதையும் வளர விடாமல் நிழல் போடுகிறது.

விலங்குகள் செய்ததோ இன்னும் கொடுமை. 1959-இல் பிந்தா தீவில் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டார்கள். சில ஆண்டுகளில் அவை பல்லாயிரமாகி, ஆமைக்கு மேய்ச்சலே இல்லாமல் செய்தன. அந்தத் தீவின் கடைசி ஆமையான ‘தனிமை ஜார்ஜ்’ 2012 ஜூன் 24 அன்று இறந்தது. அந்த இனமே அதோடு போயிற்று. எலியைப் பற்றிச் செம்பனைக் குலை வெட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பின்சோன் தீவில் நூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு ஆமைக்குஞ்சைக்கூட எலி பிழைக்க விடவில்லை. 2012-இல் எலிகளை ஒழித்தார்கள். 2014 டிசம்பரில் காட்டிலேயே பொரித்த குஞ்சுகளைக் கண்டார்கள். வழிகாட்டி இதைச் சொன்னபோது எலுமிச்சை போன வருத்தம் நாத்தனாருக்குத் தணிந்தது. கப்பலுக்குத் திரும்பியதும் தன் சப்பாத்தை அவரே முதல் ஆளாகக் கழுவினார். தீவுக்குத் தீவு விதை போகக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் கால் கழுவித்தான் ஏற்றுகிறார்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. போய் என்ன பயன்?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தோட்டத்தில் ஆற்றுப்பக்கம் போனால் அம்மா அடிப்பார். 61 வயதில் ஈப்போவில் ஒரு நீச்சல் குளத்தில், பேத்தி வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். நான்கு மாதம், வாரம் இரண்டு நாள். முதல் மூன்று வாரம் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பயம்.

நீங்களும் தொடங்குங்கள். நீந்தக்கூட வேண்டாம், மிதக்கத் தெரிந்தால் போதும். மூச்சுக்குழாயையும் முகக்கண்ணாடியையும் இங்கேயே வாங்கி, குளத்தில் பழகி, அதையே எடுத்துப் போங்கள். முகத்துக்குப் பொருந்தாத கண்ணாடியில் தண்ணீர் புகுந்தால் பதற்றம் வரும், அந்த ஒரு நாள் வீணாகிவிடும். பிறகு ஒரு முறை பங்கோர் தீவுக் கடலில் மிதந்து பாருங்கள். குளத்துக்கும் அலைக்கும் வித்தியாசம் பெரியது. கப்பலில் மிதவைச் சட்டை தருவார்கள், வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். உடலோடு ஒட்டும் ரப்பர் உடையும் கேட்டு வாங்குங்கள். வெப்பநாட்டுக் கடல்தானே என்று நான் முதல் நாள் வேண்டாம் என்றேன், பத்து நிமிடத்தில் பல் கிட்டிக்கொண்டது.

தண்ணீருக்குள் ஒரு கடலாமை என் கைக்கு எட்டும் தூரத்தில் பாசி தின்றது. கீழே பென்குவின் ஒன்று அம்பு மாதிரி போனது. அந்த நான்கு மாதமும் அங்கேயே எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

தண்ணீரே வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு சில கப்பல்களில் உண்டு. பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் போகலாமா?

ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் நடைதான். ஆனால் எரிமலைப் பாறை, ஒழுங்கில்லாத தரை. அதைவிடச் சிரமம் சிறிய ரப்பர் படகில் ஏறி இறங்குவது. பாறையில் இறங்கும் இடமும் உண்டு, கணுக்கால் தண்ணீரில் குதிக்கும் இடமும் உண்டு. மாலுமி கை நீட்டும்போது விரலைப் பிடிக்காதீர்கள், அவர் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பிடிக்க வேண்டும். இதை வீட்டிலேயே பழகுங்கள். படிக்கட்டு ஏறி இறங்குவதை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். சக்கர நாற்காலிக்கு ஏற்ற கரைகள் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடல் மயக்கத்துக்கு?

கப்பல் பெரும்பாலும் இரவில், நாம் தூங்கும்போது ஓடும். கீழ்த்தளத்தில் நடுவே உள்ள அறையில் ஆட்டம் குறைவு. மயக்க மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புமுன் போட வேண்டும். எந்த மாத்திரை உங்களுக்குத் தூக்கம் தருகிறது என்று வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். இஞ்சி மிட்டாய் எனக்கு உதவியது.

இரத்த அழுத்தம், இனிப்பு நீர் (நீரிழிவு) மருந்துகளைப் பயண நாளைவிட ஒரு வாரம் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். கடலில் மருந்துக்கடை இல்லை. அவசரத்தில் பெருநிலத்துக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்புறுதி எடுங்கள். இந்த ஒரு செலவில் சிக்கனம் வேண்டாம்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், முன்கூட்டியே எழுதிச் சொன்னால். “சைவம்” என்று மட்டும் எழுதாமல் மீன், கோழி, மாட்டிறைச்சி, அவற்றின் சாறு எதுவும் வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள். சோறு, பருப்பு, பீன்ஸ், உருளைக்கிழங்கு சூப், தட்டிப் பொரித்த வாழைக்காய் எல்லாம் வந்தன. காரம் இருக்காது.

மொழி தெரியாதே?

வழிகாட்டிகள் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசுவார்கள். தமிழும் மலாயும் மட்டும் தெரிந்தவர்கள், கூட வரும் பிள்ளையை இரவு விளக்கத்தின்போது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அங்கேயும் ‘மேசா’, சப்பாத்துக்கு ‘ஸபாத்தோ’. போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த சொற்களின் உறவு அது. நாத்தனார் சமையல்காரரோடு இப்படியே நட்பாகிவிட்டார்.

பணம்?

ஈக்குவடோரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க டாலர்தான் புழங்குகிறது. பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டுப் பெரியவருக்கு 200 டாலர். தீவுக்குள் போகும் அனுமதி அட்டை 20 டாலர். இரண்டும் பெரும்பாலும் கப்பல் கட்டணத்தில் சேராது, கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கும் மாலுமிகளுக்கும் கடைசி நாளில் அன்பளிப்பு தருவது வழக்கம். ஈப்போவில் மாற்றும்போதே சில்லறைத் தாள்களாகக் கேளுங்கள்.

மொத்தத்தில் இது பெரிய பணம், மறைப்பதற்கில்லை. நாங்கள் ஆறு ஆண்டு சேர்த்தோம். கடன் வாங்கிப் போகாதீர்கள்.

மின்கருவி, உடை?

அங்கே 110 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். கைப்பேசி சார்ஜர் வேலை செய்யும், நம் ஊர்க் கேத்தல் செய்யாது. முழுக்கைச் சட்டை, தாடைக்கயிறு உள்ள தொப்பி, காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை, நனைந்தாலும் கெடாத செருப்பு, தண்ணீர் புகாத சிறு பை. மேகம் மூடியிருந்தாலும் தோல் வெந்துவிடும், நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடாதீர்கள்.

தினமும் எப்போது எழ வேண்டும்?

ஆறு மணிக்கு. தோட்டத்தில் விடிகாலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எழுந்து பழகிய குடும்பங்களுக்கு இது ஒன்றுமே இல்லை. காலையில் ஒரு கரை, பசியாறிய பின் நீச்சல், மதியம் இன்னொரு கரை, மாலை ஆறுக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். வீட்டுக்குப் பேச நினைத்தால் 14 மணி நேரம் நாம் முந்தி. அங்கே மாலை ஆறு என்றால் இங்கே மறுநாள் காலை எட்டு. தொடர்பு விட்டு விட்டுத்தான் வரும், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

விலங்குகளைத் தொடலாமா? படம் எடுக்கலாமா?

இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதுவாக நெருங்கி வந்தால் நாம் பின்வாங்க வேண்டும். தொடுவது, ஊட்டுவது, பிளாஷ் அடிப்பது, டிரோன் விடுவது எதுவும் கூடாது. கடற்சிங்கக் குட்டி வந்து காலை முகரும், கை பரபரக்கும். நம் வாடை ஏறினால் தாய் அதை ஒதுக்கிவிடக் கூடும் என்று எங்கள் வழிகாட்டி எச்சரித்தார். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் இதை இங்கேயே, தெருப் பூனையை வைத்துப் பழக்குங்கள்: பார், தொடாதே, ஓடாதே.

நினைவாக ஒரு சிப்பி, ஒரு கல்?

ஒன்றும் எடுக்க முடியாது. சிப்பி, கல், மணல், உதிர்ந்த இறகுகூட. திரும்பும்போதும் சோதிக்கிறார்கள். என் பேரன் இதைத்தான் முதலில் கேட்டான்: “சுங்கை சிப்புட் பாட்டி ஒரு சிப்புட் கூடவா கொண்டுவரலை?” (மலாயில் ‘சிப்புட்’ என்றால் நத்தை, சிப்பி.) அவனுக்கு என் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்ததைப் பென்சிலில் வரைந்து வைத்திருந்தேன். நீலக்கால் பூபிப் பறவையின் காலுக்கு மட்டும் அவனே நிறம் தீட்டினான்.